குறுக்கே இருந்த சின்ன எண்

படிக்கிற பிள்ளைகளைக் கெடுப்பது சினிமாவும் இல்லை, செல்போனும் இல்லை. ‘இதில் கேள்வி வராது’ என்கிற பேச்சுதான். அந்தப் பேச்சை இந்தக் கதையில் வரும் பெண்ணைப் போல அடித்துச் சொன்னவர் அந்தக் கல்லூரியில் யாருமில்லை. அவள் வராது என்றால் வராது. வினாத்தாள் எழுதுகிறவரே அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறார் என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள்.

கல்லூரியில் அவளுக்குப் பெயர் ‘சுருக்கு’. சுருக்குவழி கண்டுபிடிப்பதில் அப்படியொரு கெட்டிக்காரி. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் அது காதில் விழும், அப்போதுகூட அவள் ஒரு கணம் யாரையோ கூப்பிடுவதாகத்தான் நினைப்பாள்.

இரண்டாம் வருடத்தில் ‘கணித முறைகள்’ என்றொரு பாடம். இயற்பியல் படிப்பவர்களும் பொறியியல் படிப்பவர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார வேண்டிய பாடம் அது ஒன்றுதான். படிப்படியாக பெஞ்சு போட்ட பெரிய கூடம். கீழே பலகையில் எழுதுவது மேல்வரிசைக்கு எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். இயற்பியல்காரர்கள் முன்னால் உட்கார்ந்து ‘ஏன்’ என்று கேட்பார்கள். பொறியியல்காரர்கள் பின்னால் உட்கார்ந்து ‘எப்போ முடியும்’ என்று கேட்பார்கள். சுருக்கு முன்வரிசை. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், ‘அரியர்’ உட்கார்ந்திருந்தான். அந்த ஒரு பாடத்தில் மட்டும் தோற்றுத் தோற்று மறுபடி எழுதிக்கொண்டிருந்ததால் கிடைத்த பட்டம் அது. மற்றபடி கையில் பென்சிலைக் கொடுத்தால் ஒரு இயந்திரத்தையே தாளில் உட்கார வைத்துவிடுவான். மேட்ரிக்ஸ் என்று எழுதினால் மட்டும் பென்சில் நின்றுவிடும்.

கேன்டீனின் தகர மேசையில்தான் அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதிர்வுக் கணக்கு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், விஷயம் இவ்வளவுதான்: ஒரே கம்பத்தில் இரண்டு ஊஞ்சல் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் தான் ஆடுவதற்கென்று ஒரு சொந்த வேகம் உண்டு. அந்த இரண்டு எண்களும் மேட்ரிக்ஸ் என்கிற எண் கட்டத்தின் மூலைவிட்டத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டு ஊஞ்சலுக்கும் நடுவே ஒரு நூலைக் கட்டினால், அந்த நூல்தான் குறுக்கே இருக்கும் எண். மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எல்லாம் சேர்ந்து எப்படி ஆடும் என்று தெரியும். முறைப்படி போட்டால் இரண்டு பக்கம் ஓடும்.

“இங்க பாரு. மூலைவிட்டத்துல ஒன்பது, நாலு. குறுக்கே என்ன இருக்கு?”

“பாயிண்ட் ஒண்ணு.”

“ஒன்பதுக்கு முன்னாடி பாயிண்ட் ஒண்ணு எம்மாத்திரம்?”

“கொசு.”

“கொசுவைத் தள்ளு. விடை ஒன்பது, நாலு. அடுத்த கணக்குக்குப் போ.”

அவன் நம்பாமல் முழுசாகப் போட்டுப் பார்த்தான். மூன்றாவது தசம இடத்தில்தான் வித்தியாசம் வந்தது. தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். பூட்டிய கதவை யாரோ வெளியிலிருந்து திறந்துவிட்டது போல அவன் முகம் இருந்தது. அவளுக்கும் அந்த முகம் பிடித்துப்போனது. அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை.

“கீழ ஏதோ சின்ன எழுத்துல ஒரு பத்தி இருக்கே?” என்று கேட்டான். புத்தகத்தில் இருந்தது உண்மைதான். மூலைவிட்டத்து எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் குறுக்கே இருப்பதைத் தள்ளக்கூடாது என்று அந்தப் பத்தி சொன்னது. அவள் அதைப் படித்திருந்தாள், புரிந்தும் இருந்தது.

“அதுல கேள்வி வராது.”

“வந்தா?”

“பழைய வினாத்தாள் எல்லாத்தையும் பார்த்துட்டேன். ரெண்டும் ஒரே எண்ணா ஒருதடவைகூடக் கொடுக்கல. விடுப்பா.”

அவன் அந்தப் பத்தியின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தான். அந்த முறை தேறினான். தேறிய கையோடு அவளிடம் வந்து, “இனிமே எனக்கு எந்தப் பாடமும் பாக்கி இல்ல. இப்ப கேக்கறேன்” என்றான். கேட்டதற்கு அவள் சரி என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஒரு கல்லூரியில் அதே கணித முறைகளைச் சொல்லிக்கொடுக்கப் போனாள். அவன் கல்லூரிச் சாலையின் மறுமுனையில் இருந்த தொழிற்சாலையில் இயந்திர வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்தான். மாமியார் அவர்களோடு இருந்தார். தனியாகப் பேசும்போது அவனை ‘நீ, வா, போ’ என்பவள், மாமியார் வந்ததும் ‘அவர், வாங்க, போங்க’ என்று மாறிவிடுவாள். மாமியாருக்கு இது தெரியும். தெரிந்தும் வேண்டுமென்றே கதவருகில் இருமிவிட்டு வருவார், வேடிக்கை பார்க்க.

‘தள்ளு’ என்பது அந்த வீட்டின் பொதுச்சொல்லாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லையா, தள்ளு. மேலதிகாரி முறைத்தாரா, தள்ளு. மாமியாரே தேறிவிட்டார்: “குறுக்கே இருக்கற கொசும்மா அது, தள்ளு.” அவருக்கென்று சொந்தமாக இருந்தது ஒரே ஒரு பழமொழி. காலையில் மருமகள் ஒரு கையில் சீப்பும் ஒரு கையில் விடைத்தாளுமாக ஓடும்போதெல்லாம் சொல்வார்: “பதறாத காரியம் சிதறாது.” அவள் பதறித்தான் ஓடுவாள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்றும் ஒரு பழமொழி உண்டு. அதை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

தொழிற்சாலையில் பாய்லருக்குக் காற்று ஊதுகிற பெரிய ப்ளோயர் ஒன்று, மூன்று மாடி உயரத்தில், இரும்பு மேடையின் மேல் நின்றது. அந்த மேடை அவன் வரைந்தது. ப்ளோயர் ஓடினால் எழும் ரீங்காரம் ஊர் முழுக்கக் கேட்கும். குழந்தைகள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கின. நின்றுபோனால்தான் ஊர் நிமிர்ந்து பார்க்கும். அதன் சக்கரம் அவ்வளவு கனம், பிரேக்கும் கிடையாது. மோட்டார் இழுத்தால் சட்டென்று வேகம் பிடித்துவிடும். நிறுத்தினாலோ சுற்றிச் சுற்றி, முனகி முனகி, மெல்லத்தான் அடங்கும். “ஏறும்போது குதிரை, இறங்கும்போது ஆமை” என்பான் அவன்.

இரண்டாவது பாய்லர் வந்தது. இரண்டாவது ப்ளோயருக்கும் அதே படத்தை வைத்து அதே மேடையைப் பக்கத்திலேயே கட்டினார்கள். இம்மி பிசகாத இரட்டை. எண்ணெய் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி ஏற வேண்டாமே என்று, இரண்டு மேடைக்கும் நடுவே மெல்லிய இரும்பு நடைபாலம் ஒன்றைப் பூட்டினார்கள்.

சோதனை ஓட்டத்துக்கு அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. வரைந்தவன்தான் முதலில் ஏற வேண்டும். இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது அவன் ஒருமுனையில் ஏறி, நடந்து, மறுமுனையில் இறங்குவான். அவன் கால் தரையில் பட்ட பிறகுதான் நிறுத்துவார்கள், கைதட்டுவார்கள், வேலை முடிந்ததாகக் கணக்கு. கட்டுமானத்தில் நம்பிக்கை இருந்தால் ஏறு, இல்லாவிட்டால் திரும்பப் போய் வரை. நல்ல வழக்கம்தான், குறை சொல்ல முடியாது.

சோதனை நாள் காலையில் அவன் ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டே சொன்னான்.

“நேத்து ஒரு கூத்து. பாலத்தைப் பூட்டினதும் பழைய ப்ளோயரை மட்டும் ஓட்டி நிறுத்தினோம். அது அடங்கற நேரத்துல புது மேடை சும்மா கிடந்து ஆடுது! மோட்டாருக்கு மின்சாரமே குடுக்கல.”

“அண்ணன் ஆடினா தம்பிக்கும் கால் பரபரக்குமே” என்றாள் அவள். விடைத்தாள்களுக்கு நடுவே சாக்பீஸ் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“ஓடற வேகத்தை மேடையோட சொந்த வேகத்துக்கு நல்லா மேலேயே வெச்சிருக்கேன். ரெண்டும் ஒண்ணானாத்தான் ஆட்டம் தாறுமாறாகும். அதைத் தாண்டி ஏறும்போது ஒரு உதறல், அவ்வளவுதான். நடுவுல அந்தப் பாலம்தான்... அதைக் கணக்குல சேர்க்கணுமா?”

“மேடைக்கு முன்னாடி பாலம் எம்மாத்திரம்?”

“கொசு.”

“அப்பறம் என்ன?”

இருவரும் சிரித்தார்கள். கதவருகில் மாமியார் இருமினார். “கிளம்பறேங்க” என்று அவள் மரியாதையாகக் குரலை மாற்றிச் சொல்ல, அவன் வாயிலிருந்த தேநீர் புரையேறியது. டப்பா கிடைத்துவிட்டது. அவள் ஓடினாள்.

அன்றைக்கு வகுப்பில் அதே பாடம். அதே ஒன்பது, அதே நாலு, குறுக்கே அதே பாயிண்ட் ஒன்று. தள்ளச் சொன்னாள், தள்ளினார்கள். முன்பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள். வேண்டாத கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த பெண்.

“மேடம், ரெண்டும் ஒன்பதா இருந்தா?”

“அதுல கேள்வி—” என்று தொடங்கி, என்னவோ நிறுத்தினாள். பிள்ளை ஆசையாகக் கேட்கிறது, போட்டுக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? பலகையில் ஒன்பது, ஒன்பது என்று எழுதினாள். குறுக்கே பாயிண்ட் ஒன்றை எழுதினாள். முறைப்படி போட்டாள். விடை எட்டு புள்ளி ஒன்பது, ஒன்பது புள்ளி ஒன்று என்று வந்தது. கொசு முழுசாக வந்து விடையில் உட்கார்ந்துகொண்டது. ஒரே வேகம் இரண்டாகப் பிளந்து, ஒன்று கீழே இறங்கிவிட்டது, மற்றது மேலே ஏறிவிட்டது.

“அதாவது, ரெண்டு ஊஞ்சலும் அச்சு அசலா ஒண்ணா இருந்தா, நடுவுல இருக்கற நூல் எவ்வளவு மெலிசா இருந்தாலும் அதுதான் ராஜா. ஒண்ணு ஆடினா அதோட ஆட்டம் முழுக்க அடுத்ததுக்குப் போயிடும். சும்மா இருக்கறதும் ஆட...”

சும்மா கிடந்து ஆடுது என்று காலையில் அவன் சொன்னது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

வகுப்பு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே, பழகிய ரீங்காரத்தோடு இன்னொரு ரீங்காரமும் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே சீராகக் கேட்கவில்லை. பொங்கி அடங்கிப் பொங்கி அடங்கி, பெரிய பிராணி ஒன்று மூச்சு விடுவது போல வந்தது. ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் நடுங்கியது. பின்வரிசைப் பையன் ஒருவன் விமானம் என்றான்.

ஓடும் வேகத்தைச் சொந்த வேகத்துக்கு மேலே வைத்திருப்பதாக அவன் சொன்னான். எந்தச் சொந்த வேகத்துக்கு? மேலே ஏறிய அந்த இன்னொரு எண்ணை அவன் பார்க்கவே இல்லை. அது ஓடும் வேகத்துக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தால்? அந்த ஆட்டத்தில் இரண்டு மேடையும் எதிரும் புதிருமாக ஆடும். ஒன்று இப்படிப் போனால் மற்றது அப்படி. நடுவில் இருப்பது அந்தப் பாலம் மட்டும்தான்.

சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு அவள் ஓடினாள். படியில் ஓடும்போதே அவனுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. விடாமல் திரும்பத் திரும்பப் போட்டாள். சாலையில் வந்த முதல் வண்டியை மறித்து ஏறினாள். “என்னம்மா, ஆஸ்பத்திரிக்கா?” என்று வண்டிக்காரர் கேட்டார். “இல்ல. அதுக்கு முன்னாடி” என்று அவள் என்னவோ உளறினாள்.

தொழிற்சாலை வாசலில் காவலாளியின் அறைச் சுவரில் மரத்தடுப்புகள் இருந்தன. உள்ளே போகிறவர்கள் செல்போனை அதில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவள் அங்கே போய் நின்றபோது ஒரு தடுப்பில் ஒரு போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. திரையில் ‘சுருக்கு’ என்று இருந்தது. அவள் கையிலிருந்த போன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது.

“அவர் எங்க?”

காவலாளிக்கு அவளைத் தெரியும். சிரித்தபடி மேலே கை காட்டினார். “அதோ, ஏறிட்டார் பாருங்க. பாதி தூரம் வந்தாச்சு.”

இரண்டு மேடைக்கும் நடுவே, வானத்தை ஒட்டி, கோடு போன்ற பாலத்தில் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். பாலம் நடுங்குவது அங்கிருந்தே தெரிந்தது. ஆனால் அவன் நடந்துகொண்டிருந்தான்.

“நிறுத்தச் சொல்லுங்க.”

“அம்மா?”

“உடனே நிறுத்தச் சொல்லுங்க! பாலம் தாங்காது. நான் கணக்குப் போட்டுட்டேன். சொல்லுங்கன்னா!”

நல்ல மனிதர். காரணம் கேட்கவில்லை, மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்று சாக்குச் சொல்லவில்லை. உள்தொலைபேசியை எடுத்து, “கட்டுப்பாட்டு அறையா? நிறுத்துங்க. எல்லாத்தையும். இப்பவே” என்று கத்தினார். சைரன் அலறியது. காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். தப்பித்தது என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவனை நன்றாகத் திட்ட வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

பிறகு நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சள் தொப்பி அப்படியே நின்றிருந்தது.

“ஏன் நிக்கறார்? இறங்கச் சொல்லுங்க!”

“சைரன் கேட்டா நின்ன இடத்துலயே நிக்கணும்மா. ஓடக்கூடாது. அதான் இங்க விதி” என்றார் காவலாளி. “பயப்படாதீங்க. கரண்டை நிறுத்தியாச்சு. சக்கரம் தானா அடங்கிடும்.”

தானாக அடங்கும். ஆமை மாதிரி அடங்கும்.

அப்போதுதான் அவளுக்கு முழுக் கணக்கும் புரிந்தது. ஓடும் வேகத்தில் பாலம் நடுங்கியது, ஆனால் தாங்கியது. அவன் பாதி தூரம் நடந்தே வந்துவிட்டானே! மேலே ஏறிய அந்த எண், ஓடும் வேகத்துக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. ஏறும்போது குதிரைப் பாய்ச்சலில் அதைத் தாண்டியாகிவிட்டது. விட்டிருந்தால் மீதிப் பாதியையும் நடந்து இறங்கியிருப்பான். அவன் கால் தரையில் பட்ட பிறகு நிறுத்தியிருப்பார்கள். விழுந்தால் வெறும் பாலம் விழுந்திருக்கும். இப்போது அவனை நடுவில் நிற்கவைத்துவிட்டு, அந்த எண்ணை நோக்கி வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நின்று நிதானமாக அதைக் கடக்கப் போகிறது. நேற்று அடங்கியது ஒரு ப்ளோயர்தான், இன்று இரண்டும். ஓடுவதை மட்டும் நினைத்தாள், அடங்குவதை நினைக்கவில்லை. அவசரத்தில் அதையும் தள்ளிவிட்டாள்.

“இறங்கு!” என்று கத்தினாள். “டேய், இறங்குடா! ஓடுடா!”

சைரன் அவள் குரலைத் தின்றது. காவலாளி மறுபடி தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை. அங்கே எல்லாரும் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ரீங்காரம் மெல்ல மெல்ல இறங்கியது. பொங்கி அடங்கும் மூச்சு நீண்டுகொண்டே போய், பிறகு அடங்குவதை மறந்து பொங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு மேடையும் ஒன்றுக்கொன்று எதிராகச் சாய்ந்தன, விலகின, சாய்ந்தன. மஞ்சள் தொப்பி குனிந்து இரண்டு கையாலும் கைப்பிடியைக் கட்டிக்கொண்டது. வாசல் பக்கம் அவன் பார்த்தானா, அவளைக் கண்டானா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. இரும்பு கிழிகிற சத்தம் வந்தது.

அன்று மாலை காவலாளி வீட்டுக்கு வந்தார். அவன் போனை ஒரு சுத்தமான துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மாமியாரின் காலடியில் உட்கார்ந்து அழுதார். “அம்மா, உங்க மருமக சொன்ன அந்த நொடியே நிறுத்திட்டோம். ஒரு நொடிகூடத் தாமதம் பண்ணல. சத்தியமா சொல்றேன்.”

மாமியார் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே. துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார்: “இவதான் ஓடிப்போய் நிறுத்தச் சொன்னா. கணக்குப் படிச்ச பொண்ணு, இவளுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. கொஞ்சம் முன்னாடி போயிருந்தா என் பிள்ளை பிழைச்சிருப்பான்.” வந்தவர்கள் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒரு கிழவர் அவளைக் கையெடுத்துக்கூடக் கும்பிட்டார். அவள் சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வெளியே ஊர் நிசப்தமாக இருந்தது, குழந்தைகள் தூங்காமல் அழுதன.

எல்லாரும் போன பிறகு ஒருநாள், சமையலறையில், அடுப்பில் பால் இருந்தது. மாமியார் பக்கத்தில் நின்றிருந்தார்.

“அத்தை, நான் போகாமலே இருந்திருந்தா அவன் வீட்டுக்கு வந்திருப்பான்.”

மாமியாரின் எதிரில் அவள் ‘அவன்’ என்று சொன்னது அதுதான் முதல்முறை. மாமியார் அதைக் கவனித்தார். ஆனால் அவள் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. துக்கம் முற்றினால் இப்படித்தான் பேசத் தோன்றும் என்று நினைத்துக்கொண்டார். அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“அசடு. உன்னால ஆனதை நீ செஞ்சே. இதெல்லாம் மனசுக்குக் குறுக்கே வர்ற கொசும்மா. தள்ளு.”

பால் பொங்கி வந்தது. அடுப்பை நிறுத்த அவள் கை நீட்டினாள். கை பாதியில் நின்றது. பால் விளிம்பைத் தாண்டி வழிந்து, அடுப்பில் விழுந்து கருகியது. மாமியார்தான் எட்டித் திருகை மூடினார்.